வாலண்டியர்களால மட்டுமே நடக்குற உலகக் குடிமை இளைஞர் அமைப்பை வளர்க்குறது எப்படி? படிப்படியா ஒரு முழுமையான வழிகாட்டி

கையில ஒரு சின்ன டீம் இருக்கு, எட்டு பத்து பேர், ரெண்டு மூணு நிகழ்ச்சி நடத்தியாச்சு, "இதை இன்னும் பெருசாக்கலாமே"ன்னு தோண ஆரம்பிச்சிருக்கு. அந்த இடத்துல நிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். உலகக் குடிமைன்னா, நம்ம ஊர், நாடுங்கிறதைத் தாண்டி உலகத்துல இருக்குற மத்தவங்களோடயும் நமக்குத் தொடர்பும் பொறுப்பும் இருக்குன்னு நினைச்சு நடந்துக்கறது. புது டீம்கள் தடுமாறுறதைப் பக்கத்துல இருந்து பல தடவை பார்த்திருக்கேன், சோம்பேறித்தனத்தால விழுந்தவங்க ரொம்பக் கம்மி, படியை மாத்தி மாத்தி ஏறி விழுந்தவங்கதான் அதிகம்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். இளைஞர் அமைப்புல யாரும் நிரந்தரமா இருக்க மாட்டாங்க. படிப்பு முடியும், வேலை கிடைக்கும், வேற ஊருக்குப் போவாங்க, ரெண்டு மூணு வருஷத்துல பாதி டீம் புது முகமா இருக்கும். அதனால ஒரு அமைப்பு தன் வேலையைக் கைமாத்தி விடுற வேகத்துக்குத்தான் வளர முடியும், அதை மீறிச் சேர்த்த ஆளும் தங்க மாட்டாங்க, திறந்த கிளையும் தங்காது. கீழ இருக்குற வரிசை முழுக்க இதை வச்சுத்தான் போட்டது.

1. தொடங்கும் முன்னாடி கையில இருக்க வேண்டியவை

முதல்ல 5 பேர். குரூப்ல பேர் இருக்குற 5 பேரைச் சொல்லல, அடுத்த ஆறு மாசத்துக்கு வாரம் 3 மணி நேரம் தர முடியும்னு தன் காலண்டரைப் பார்த்துட்டுச் சொன்ன 5 பேர். பரீட்சை எந்த மாசம், யார் எப்ப ஊர்ல இருக்க மாட்டாங்கன்னு எல்லாத்தையும் ஒரே ஷீட்ல குறிச்சுட்டு அப்புறமா எண்ணுங்க, எண்ணிக்கை பெரும்பாலும் பாதியாக் குறையும், அந்தப் பாதிதான் உங்க உண்மையான பலம்.

ரெண்டாவது, ஒரு தடவையாவது முழுசா நடத்திப் பார்த்த ஒரே ஒரு நிகழ்ச்சி. மூணாவது, அமைப்பு பேர்லயே ஒரு ஈமெயிலும், ஃபைல் வைக்க ஒரு ஆன்லைன் டிரைவும். யாரோட சொந்த அக்கவுண்ட்லயும் அமைப்போட ஃபைல் இருக்கக் கூடாது, அந்த ஆள் போற அன்னைக்கு ஃபைலும் கூடவே போயிடும்.

லோகோ, டிஷர்ட், வெப்சைட் எல்லாம் இப்ப வேண்டாம். சட்டப்படி பதிவு பண்றதும் வெளியில இருந்து பணம் வாங்குறப்பவோ, அமைப்பு பேர்ல ஒப்பந்தம் போட வேண்டி வர்றப்பவோ செஞ்சா போதும். அதுக்கு முன்னாடி பதிவு பண்ணா வருஷா வருஷம் கணக்கு, அறிக்கைன்னு பேப்பர் வேலை வந்து சேரும், அதைச் செய்ய இன்னும் ஆளே இருக்காது.

2. "உலகக் குடிமை"ன்னா உங்க அமைப்புல என்ன நடக்கும்னு ஒரே வரியில எழுதுங்க

இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க. "உலக அமைதி, சுற்றுச்சூழல், பாலின சமத்துவம், வறுமை ஒழிப்பு"ன்னு எல்லாத்தையும் எழுதிடுவாங்க. 2015ல ஐநா உறுப்பு நாடுகள் ஏத்துக்கிட்ட நிலையான வளர்ச்சி இலக்குகள் 17, அதுக்குள்ள இருக்குற உப இலக்குகள் 169. பத்து பேர் டீம் அத்தனையையும் தோள்ல தூக்கக் கூடாது. உங்க வேலைக்கு நேரா வர்றது 4.7ங்கிற ஒரே ஒரு உப இலக்கு, கல்வி இலக்குக்குள்ள இருக்கு, உலகக் குடிமைங்கிற வார்த்தையே அதுல வருது. அதுல இருந்து தொடங்குங்க.

ஐநாவோட கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ உலகக் குடிமைக் கல்வியை மூணு பக்கமாப் பிரிக்குது: தெரிஞ்சுக்கறது, மனசால உணர்றது, செயல்ல காட்டுறது. உங்க நிகழ்ச்சியை இந்த மூணுலயும் வச்சு உரசிப் பாருங்க. பேச்சாளரைக் கூப்பிட்டு உரை கேட்டா முதலாவது மட்டும் நடக்கும். பல நாட்டுக் கொடி, உடை, பாட்டுன்னு மேடையில காட்டுனா ரெண்டாவது கொஞ்சம் நடக்கும். மூணாவது எங்கன்னு கேட்டா பெரும்பாலும் பதில் இருக்காது.

அதனால அந்த ஒரு வரியை இப்படி எழுதுங்க: "எங்க நிகழ்ச்சிக்கு வந்து போனவர் இதுக்கு முன்னாடி செய்யாத எந்த விஷயத்தை அடுத்த மாசத்துக்குள்ள செய்வார்?" வேற நாட்டுல இருக்குற ஒரு குழுவோட சேர்ந்து ஒரே பிரச்சனையை ரெண்டு பக்கமும் ஆராய்ஞ்சு ஒப்பிடுவார், அல்லது தான் வாங்குற ஒரு பொருள் எந்தெந்த நாட்டுக் கைகளைத் தாண்டி வருதுன்னு தேடி நாலு பேருக்கு விளக்குவார், இந்த மாதிரி. "விழிப்புணர்வு பெறுவார்"னு எழுதுனா அழிச்சுட்டுத் திரும்ப எழுதுங்க, ஏன்னா அது நடந்துச்சா இல்லையான்னு உங்களால பார்க்கவே முடியாது.

வயசு வரம்பையும் இங்கயே முடிவு பண்ணிடுங்க. இளைஞர்ங்கிற வார்த்தைக்கு ஒரே அளவு கிடையாது, ஐநா புள்ளிவிவரத்துல 15 முதல் 24, ஐநா பாதுகாப்பு சபையோட 2250ம் தீர்மானத்துல 18 முதல் 29. உங்களுக்கு எதுன்னு நீங்கதான் சொல்லணும், 18க்குக் கீழ ஆள் எடுக்கப் போறீங்களா இல்லையாங்கிறது அடுத்த எல்லா வேலையையும் மாத்திடும்.

3. ஒரே நிகழ்ச்சியை மூணு தடவை நடத்துங்க

முதல் தடவை தொடங்கினவரே நடத்தட்டும். ரெண்டாவது தடவை வேற ஒருத்தர் நடத்தணும், தொடங்கினவர் பக்கத்துல இருக்கலாம். மூணாவது தடவை தொடங்கினவர் அந்த இடத்துலயே இருக்கக் கூடாது, போனும் எடுக்கக் கூடாது.

மூணாவதுலதான் உண்மை வெளிய வரும். ப்ரொஜெக்டர் யார் கொண்டு வரணும்னு யாருக்கும் தெரியல, விளையாட்டோட விதி பாதிதான் விளக்குனாங்க, கடைசி 20 நிமிஷம் என்ன பண்றதுன்னு தெரியாம போட்டோ எடுத்து முடிச்சுட்டாங்க. இதையெல்லாம் தோல்வின்னு எடுத்துக்காதீங்க, தொடங்கினவர் தலைக்குள்ள மட்டும் இருந்த விஷயங்களோட லிஸ்ட் உங்க கைக்கு வந்திருக்குன்னு எடுத்துக்கங்க.

மூணு தடவையும் ஒரே நிகழ்ச்சியா இருக்கணும். ஒவ்வொரு தடவையும் புதுசா ஏதாவது பண்ணலாம்னு ஆசை வரும், எனக்கும் வந்துச்சு, ஆனா மாத்திக்கிட்டே இருந்தா எது ஆளால நடந்துச்சு எது திட்டத்தால நடந்துச்சுன்னு பிரிச்சே பார்க்க முடியாது.

4. நடத்துன அன்னைக்கு ராத்திரியே எழுதி வைங்க

அடுத்த வாரம் எழுதலாம்னு விட்டா நல்லது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அன்னைக்கே ரெண்டு பேர் உக்காந்து ஒரு மணி நேரத்துல எழுதுங்க: எத்தனை மணிக்கு எது நடந்துச்சு, எந்த இடத்துல கூட்டம் சோர்ந்துச்சு, எந்தக் கேள்விக்கு எல்லாரும் பேசுனாங்க, என்ன பொருள் குறைஞ்சுச்சு, எவ்வளவு செலவு.

மூணு தடவை எழுதுனதைச் சேர்த்து நாலஞ்சு பக்கத்துல ஒரு நடத்துக் குறிப்பு ஆக்குங்க. நிகழ்ச்சியைப் பார்க்காத ஒரு புது ஆள்கிட்ட அதைக் குடுத்து "இதை வச்சு நடத்த முடியுமா?"ன்னு கேளுங்க, அவர் கேக்குற ஒவ்வொரு கேள்வியும் குறிப்புல விட்டுப்போன ஒரு வரி. 40 பக்கக் கையேடு எழுதாதீங்க, அதை யாரும் படிக்க மாட்டாங்க.

5. ஆள் சேர்க்கும் முன்னாடி பாதுகாப்பு விதிகள்

இதை ஆள் சேர்த்ததுக்கு அப்புறம் வச்சுக்கலாம்னு நினைக்கிறவங்கதான் நிறைய. தயவு செஞ்சு மாத்தாதீங்க, விதி முதல்ல, ஆள் அப்புறம். வந்து ஆறு மாசம் ஆன ஒருத்தர்கிட்ட "இனிமே இப்படித்தான்"னு சொன்னா அவர் மேல சந்தேகப்படுற மாதிரி ஆகிடும், வர்ற முதல் நாளே சொன்னா அது வெறும் நடைமுறை.

1989ல ஏத்துக்கப்பட்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை பொதுவா 18 வயசுக்குக் கீழ இருக்குற எல்லாரையும் குழந்தைன்னுதான் சொல்லுது. அதனால 17 வயசு உறுப்பினரும் உங்க பொறுப்புதான். இளைஞர் அமைப்புல ஒரு தனிச் சிக்கல் இருக்கு, வாலண்டியருக்கு 19, பங்கேற்பாளருக்கு 17, ரெண்டு பேரும் போன வருஷம் வரைக்கும் நண்பர்களாவே இருந்திருப்பாங்க, எல்லாரும் சின்னவங்கதானேன்னு யாரும் கோடு போட மாட்டாங்க. பொறுப்புல இருக்குறவர் கையில அதிகாரம் இருக்கு, வயசு வித்தியாசம் ரெண்டா இருந்தாலும் இருக்கு. அந்தக் கோட்டை எழுத்துல போடுங்க.

குறைஞ்சது இவ்வளவாவது இருக்கணும். 18க்குக் கீழ இருக்குறவரோட எந்தப் பெரியவரும் தனியா இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர். தனிப்பட்ட சாட் கிடையாது, ஆன்லைன்லயும் இதே விதிதான், குரூப்ல பேசுங்க இல்லாட்டி இன்னொரு பொறுப்பாளரையும் சேர்த்துக்கிட்டுப் பேசுங்க. போட்டோ எடுக்கவும் வெளியிடவும் பெற்றோர் கையெழுத்தும் வேணும், அந்தப் பிள்ளையோட சம்மதமும் வேணும், பிள்ளை வேண்டாம்னா பெற்றோர் கையெழுத்து செல்லாது.

புகார் வந்தா யார்கிட்ட சொல்றதுன்னு ரெண்டு பேர் பேர் வெளிப்படையா இருக்கணும், அதுல ஒருத்தராவது தலைமைக் குழுவுக்கு வெளிய இருக்கணும், ஏன்னா புகாரே தலைவர் மேல இருக்கலாம். புகார் வந்தா நீங்களே விசாரணை நடத்தாதீங்க. சொன்னவர் சொன்ன வார்த்தையிலயே எழுதி வைங்க, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்கு குடுக்காதீங்க, உங்க நாட்டுச் சட்டப்படி யாருக்குத் தெரிவிக்கணுமோ அன்னைக்கே தெரிவிங்க. அந்த நம்பரை இன்னைக்கே தேடி குறிப்புல எழுதிடுங்க, பதட்டத்துல தேடுற மாதிரி வைக்காதீங்க.

படிவத்துல வாங்குற தகவலையும் குறைங்க. ஐரோப்பிய ஒன்றியத்தோட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஆன்லைன் சேவைக்குப் பிள்ளைங்க தாங்களே சம்மதம் தர்ற வயசு 16, நாடுகள் அதை 13 வரைக்கும் இறக்கிக்கலாம். அங்க இருந்து ஆள் சேர்த்தா உங்களுக்கும் அது பொருந்தலாம். வீட்டு முகவரி எதுக்குன்னு சொல்ல முடியலைன்னா கேக்காதீங்க.

6. வேலையை முதல்ல எழுதி, ஆளை அப்புறம் தேடுங்க

கூகுள் ஃபார்ம் போட்டு 200 பேர் சேர்ந்துட்டாங்கன்னு சந்தோஷப்படுற டீம்களைப் பார்த்திருக்கேன். ரெண்டு மாசம் கழிச்சு அதுல 9 பேர் இருந்தாங்க. மத்தவங்க மேல தப்பில்ல, அவங்களுக்கு யாரும் வேலையே குடுக்கல, குரூப்ல குட் மார்னிங் மட்டும் வந்துச்சு.

ஒவ்வொரு வேலைக்கும் நாலு விஷயம் எழுதுங்க: என்ன செய்யணும், வாரம் எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில முடியும், சந்தேகம்னா யாரைக் கேக்கணும். முடியுற தேதிதான் ரொம்ப முக்கியம். முடிவே இல்லாத பொறுப்பை ஏத்துக்க நல்ல ஆள் தயங்குவார், ஏத்துக்கிட்டவரும் விலகணும்னா சொல்லாம காணாமப் போறதைத் தவிர வேற வழி இருக்காது. 12 வாரம்னு எழுதுனா முடிஞ்சதும் நன்றி சொல்லி அனுப்பலாம், இல்லாட்டி இன்னொரு 12 வாரம் கேக்கலாம், ரெண்டுமே மரியாதையா நடக்கும்.

சேர்ந்த 7 நாளுக்குள்ள ஒரு சின்ன, நிஜமான வேலை கையில இருக்கணும். மூணு மீட்டிங் வந்து சும்மா உக்காந்தவர் நாலாவதுக்கு வர மாட்டார்.

எத்தனை பேரை எடுக்கலாம்னா, என் அனுபவத்துல ஒரு பழைய வாலண்டியர் ஒரு நேரத்துல ரெண்டு பேரை ஒழுங்காப் பழக்க முடியும். 5 பேர் இருக்கீங்கன்னா இந்தச் சுற்றுல 10 பேருக்கு மேல எடுக்காதீங்க. வேண்டாம்னு சொல்றது கஷ்டம்தான், அடுத்த சுற்று எந்த மாசம்னு சொல்லி அனுப்புங்க, அந்த மாசம் மறக்காம கூப்பிடுங்க.

பங்கேற்பாளர்ல இருந்து பொறுப்பாளர் ஆகுறதுக்கு நடுவுல ஒரு படி வைங்க. சிஐஎஸ்விங்கிற பழைய சர்வதேச அமைப்புல 11 வயசுப் பிள்ளைங்களுக்கான முகாம்ல 16, 17 வயசுக்காரங்க ஜூனியர் கவுன்சிலரா இருப்பாங்க, முழுப் பொறுப்பும் இல்ல, சும்மா பார்க்குறவங்களும் இல்ல. அடுத்த தலைமுறை தயாராகுறதுக்கு இந்த மாதிரி ஒரு இடம் வேணும்.

7. யார் முடிவெடுப்பாங்கன்னு ஒரு பக்கத்துல எழுதுங்க

நாங்க எல்லாரும் நண்பர்கள், சேர்ந்து பேசி முடிவெடுப்போம்னு சொல்றது 8 பேர் வரைக்கும் ஓடும். 15 பேர் ஆனதும் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல யார் முழிச்சிருக்காங்களோ அவங்கதான் முடிவெடுப்பாங்க. அதனால நிகழ்ச்சி தேதி யார் முடிவு, பணம் எந்த அளவு வரைக்கும் யார் முடிவு, அமைப்பு பேர்ல அறிக்கை விடுறது யார், இந்த மூணையாவது எழுதுங்க. மூணாவது ரொம்பக் கவனம், உலக விஷயம் பேசுற அமைப்புன்னா எங்கயாவது ஒரு போர் வந்ததும் "நம்ம நிலைப்பாடு என்ன?"ன்னு கேள்வி வரும், அப்ப உக்காந்து விதி எழுத முடியாது.

பதவிக்காலம் ஒரு வருஷம், ஒரே பதவியில அதிகபட்சம் ரெண்டு தடவை. எல்லாரும் ஒரே மாசத்துல மாறாம பாதிப் பேர் இப்ப, மீதிப் பேர் ஆறு மாசம் கழிச்சுன்னு மாத்துங்க.

பெரியவங்க, ஆலோசகர்கள் இருந்தா அவங்க இடத்தையும் எழுதுங்க. ரோஜர் ஹார்ட்ங்கிற ஆய்வாளர் 1992ல ஐநாவோட குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்காக, முடிவுகள்ல பிள்ளைங்களுக்கு எவ்வளவு பங்கு இருக்குன்னு காட்டப் போட்ட பங்கேற்பு ஏணியில 8 படி, கீழ இருக்குற மூணை அவர் பங்கேற்புன்னே சொல்லல: இழுத்த இழுப்புக்கு ஆட வைக்கிறது, அலங்காரத்துக்கு நிக்க வைக்கிறது, பேருக்கு ஒருத்தரை உக்கார வைக்கிறது. இளைஞர் அமைப்புன்னு பேர் வச்சுட்டு முடிவை 50 வயசு ஆலோசகர் எடுத்தா நீங்க அந்த மூணுல ஒண்ணுலதான் நிக்கிறீங்க.

8. பொறுப்பைக் கைமாத்துறது

மத்த எல்லாத்தையும் மேலோட்டமாப் படிச்சாலும் இதை மட்டும் நிதானமாப் படிங்க.

எங்க டீம்ல ஒரு தடவை செயலாளர் மாறுனார். நல்ல பிரிவுதான், கேக் வெட்டி அனுப்பினோம். ரெண்டு மாசம் கழிச்சு புது லேப்டாப்ல இருந்து அமைப்பு ஈமெயிலைத் திறந்தா ஓடிபி அவர் பழைய நம்பருக்குப் போகுது, அந்த நம்பரை அவர் விட்டுட்டார். ரெண்டு வருஷத்துப் பங்கேற்பாளர் தொடர்பு, வெளிநாட்டு டீம்களோட பேசுன பேச்சு எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. திரும்ப உள்ள போக அஞ்சு வாரம் ஆச்சு, அதுக்குள்ள ஒரு கூட்டு நிகழ்ச்சிக்குப் பதில் போடாம அந்த உறவே முறிஞ்சுது. யாரும் கெட்டவங்க இல்ல, ஒரு செக்லிஸ்ட் இல்ல, அவ்வளவுதான்.

கைமாத்துறதுக்கு 8 வாரம் ஒதுக்குங்க. முதல் 2 வாரம் புது ஆள் கூட இருந்து பார்க்கணும். அடுத்த 3 வாரம் புது ஆள் செய்யணும், பழைய ஆள் பக்கத்துல இருக்கணும். கடைசி 3 வாரம் புது ஆள் தனியாச் செய்யணும், பழைய ஆள் கேட்டா மட்டும் பதில் சொல்லணும். ஒரே சாயங்காலத்துல உக்காந்து எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டேன்னு சொல்றதை நம்பாதீங்க, வேலை செய்யும்போது வர்ற கேள்வி சும்மா உக்காந்து காதுல வாங்கும்போது வராது.

எழுத்துல என்ன குடுக்கணும்னா, வருஷ காலண்டரை பின்னால இருந்து எழுதிக் குடுங்க, ஆகஸ்ட் 12 சர்வதேச இளைஞர் தினத்துக்கு நிகழ்ச்சின்னா இடம் எப்ப பேசணும், அழைப்பு எப்ப போகணும்னு. அடுத்து தொடர்புகள், வெறும் நம்பரா இல்லாம "இவர் ஈமெயில் பார்க்க மாட்டார், காலையில போன் பண்ணணும்"ங்கிற அளவுக்கு. அடுத்து குடுத்த வாக்குகள், யாருக்கு என்ன செய்யறோம்னு சொல்லியிருக்கோம், எது இன்னும் பாக்கி. எல்லாரும் மறக்குறது இதைத்தான், அமைப்போட பேர் கெடுறதும் பெரும்பாலும் இதாலதான். கடைசியா, செஞ்சு பார்த்து சரிவராம விட்டது, இல்லாட்டி அடுத்த டீம் அதே தப்பை உற்சாகமா ஆரம்பிக்கும்.

பாஸ்வேர்டு எல்லாம் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர்ல, ரெண்டு பேர் கையில. ஓடிபி எந்த நம்பருக்குப் போகுது, ஓடிபி வராதப்ப உள்ள போக உதவுற மாற்றுக் குறியீடுகள் எங்க இருக்கு, வெப்சைட் பேர் எப்ப புதுப்பிக்கணும், அது யார் கார்டுல ஓடுது, எல்லாத்தையும் எழுதுங்க. வங்கிக் கையெழுத்து மாத்த வாரக்கணக்கா ஆகலாம், அதை 8 வாரத்துல முதல் வாரமே தொடங்குங்க.

கைமாத்துனது சரியா இருந்துச்சான்னு பார்க்க ஒரே சோதனை போதும்: பழைய ஆளை ஒரு மாசம் கூப்பிடாம புது ஆள் வேலையை ஓட்டினாரா?

9. ரெண்டாவது கிளை எப்ப, எப்படி

ஒரு தடவையாவது தலைமை முழுசாக் கைமாறி அதுக்கு அப்புறமும் ஒரு நிகழ்ச்சி ஒழுங்கா நடந்திருந்தா மட்டும் ரெண்டாவது கிளை திறங்க. நாங்க அதுக்கு முன்னாடியே ஒரே வருஷத்துல மூணு திறந்தோம், மூணுமே முதல் கிளையில இருந்த அதே ரெண்டு பேரை நம்பி ஓடுச்சு, அந்த ரெண்டு பேரும் களைச்சு ஒதுங்குனப்ப நாலும் சேர்ந்து நின்னு போச்சு. இன்னைக்கும் அது மனசுல உறுத்துது, ஏன்னா அந்த மூணு இடத்துலயும் உண்மையா உழைச்ச பசங்க இருந்தாங்க.

வேற ஊர்ல இருந்து ஒருத்தர் ஆர்வமாக் கேட்டா உடனே கிளைத் தலைவர்னு பட்டம் குடுக்காதீங்க. அவரோட இன்னும் மூணு பேர் வேணும், நாலு பேரும் சேர்ந்து உங்க நடத்துக் குறிப்பை வச்சு ஒரு நிகழ்ச்சி நடத்தட்டும், உங்க ஆள் ஒருத்தர் போய்ப் பார்க்கட்டும். அதுக்கு அப்புறம் ஒரு வருஷச் சோதனைக் காலம்.

எது மாறக் கூடாது, எது அவங்க இஷ்டம்னு ரெண்டு பட்டியல் எழுதுங்க. பாதுகாப்பு விதி, பண விதி, அந்த ஒரு வரி நோக்கம், இது மூணும் மாறக் கூடாது. தலைப்பு, மொழி, நிகழ்ச்சி நடக்குற விதம், எத்தனை தடவை, எல்லாம் அவங்க முடிவு. எல்லாத்தையும் மையத்துலயே முடிவு பண்ணா கிளைக்காரங்க வேலைக்காரங்க மாதிரி ஆகிடுவாங்க, எதையும் முடிவு பண்ணலைன்னா பேர் மட்டும்தான் ஒண்ணா இருக்கும்.

ஒப்பந்தத்துல கிளையை மூடுற விதியும் இருக்கணும். ஆறு மாசம் நிகழ்ச்சி நடக்கலைன்னா என்ன, பங்கேற்பாளர் தகவலை யார் அழிக்கணும், சமூக வலைதள அக்கவுண்ட் யார்கிட்ட திரும்ப வரும். சண்டை வந்ததுக்கு அப்புறம் இதைப் பேச முடியாது.

10. வேற நாட்டு டீமோட சேர்ந்து வேலை

முதல்ல நேரம். எல்லா அழைப்புலயும் யூடிசி நேரத்தையும், அதாவது எல்லா நாட்டுக்கும் பொதுவான உலக நேரத்தையும் எழுதுங்க. கோடைக்காலத்துக்காக கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுறது ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறு நடக்கும், அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறே நடந்துடும், நடுவுல ரெண்டு மூணு வாரம் மீட்டிங் நேரம் எல்லாருக்கும் குழம்பும், நிறைய நாடுகள்ல மாத்துறதே இல்ல. நடுராத்திரி முழிக்கிற சிரமம் எப்பவும் ஒரே நாட்டுக்காரங்களுக்கு வராம மாத்தி மாத்தி வைங்க. உலகக் குடிமை பேசுற டீம் இதுல கூட நியாயமா இல்லைன்னா பேசுறதுல அர்த்தமில்ல.

அடுத்து மொழி. மீட்டிங்ல வேகமா ஆங்கிலம் பேசுறவங்க முடிவை எடுத்துட்டுப் போயிடுவாங்க. முடிவெடுக்க வேண்டியதை ரெண்டு நாள் முன்னாடியே எழுத்துல அனுப்புங்க, மீட்டிங்லயே முடிக்காம 48 மணி நேரம் எழுத்துல பதில் சொல்ல விடுங்க. அமைதியா இருந்தவங்ககிட்ட இருந்து நல்ல யோசனை வர்றதை அப்பத்தான் பார்ப்பீங்க.

பொதுவான தப்பு, ஒரு டீம் திட்டம் போட்டு முடிச்சுட்டு "சேர்ந்துக்கறீங்களா?"ன்னு இன்னொரு டீமைக் கேக்குறது. அது கூட்டு வேலை ஆகாது, அழைப்பிதழ்தான். கேள்வியையே சேர்ந்து எழுதுங்க. பணமும் வசதியும் அதிகமா இருக்குற பக்கம் உதவி பண்ற பக்கம், மத்தது வாங்கிக்கிற பக்கம்னு ஆகிடாம பார்த்துக்கங்க, ரெண்டு பக்கமும் ஏதாவது கத்துக்கணும்.

நேர்ல சந்திக்கணும்னா விசாவுல இருந்து தொடங்குங்க. தேதி, இடம் முடிவு பண்ணி டிக்கெட் போட்டதுக்கு அப்புறம் பாதிப் பேருக்கு விசா கிடைக்காம போறது சாதாரணமா நடக்குது. யாருக்கு நுழைய சுலபம்னு பார்த்துட்டு நாட்டைத் தேர்ந்தெடுங்க, அழைப்புக் கடிதத்தை மாசக்கணக்குல முன்னாடியே குடுங்க.

11. பணம்

இதுல சுருக்கமா சொல்றேன், ஏன்னா விதி கம்மி, கடைப்பிடிக்கிறதுதான் பெருசு. ரெண்டு கையெழுத்து இல்லாம பணம் போகக் கூடாது. தனிப்பட்ட கணக்குல அமைப்புப் பணம் ஒரு நாள் கூட இருக்கக் கூடாது. வரவு செலவு எல்லா உறுப்பினரும் பார்க்குற ஷீட்ல மாசா மாசம்.

வாலண்டியர் தன் கைக்காசு போட்டா இரண்டு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுங்க. "பரவாயில்ல, விடுங்க"ன்னு வசதி உள்ளவர் சொல்லுவார், அதைப் பார்த்து வசதி இல்லாதவர் கேக்காம இருந்துட்டு மெதுவா விலகிடுவார். கொஞ்ச நாள்ல டீம் முழுக்க வசதியான வீட்டுப் பிள்ளைங்களா ஆகிடும், ஏன்னு யாருக்கும் புரியாது.

பெரிய நிதியுதவிக்கு விண்ணப்பிக்கிறதை எட்டாவது படிக்கு அப்புறம் வைங்க. நிதி வந்தா அறிக்கை, கெடு, தணிக்கை எல்லாம் கூட வரும், நடுவுல ஆள் மாறுனா நீங்கதான் பதில் சொல்லணும்.

12. ஐநா பேரும் சின்னமும்

புதுசா வர்ற டீம்கள்ல பாதிப் பேர் போஸ்டர்ல ஐநா சின்னத்தைப் போட்டுடறாங்க. போடக் கூடாது, 1946லயே பொதுச்சபை தீர்மானம் மூலமா அனுமதி இல்லாத பயன்பாட்டைத் தடுத்திருக்காங்க. வளர்ச்சி இலக்குகளோட வண்ண ஐகான்களுக்கு விதி வேற, ஐநா சின்னம் இல்லாத வடிவத்தை வணிகம் இல்லாத தகவல் பயன்பாட்டுக்கு வழிகாட்டுதல்படி போடலாம், படிச்சுட்டுப் போடுங்க.

"ஐநா அங்கீகாரம் பெற்ற அமைப்பு"ன்னு எழுதாதீங்க. ஐநா சாசனத்தோட 71வது பிரிவுப்படி ஐநாவோட பொருளாதார சமூக மன்றத்துல, வெளி அமைப்புகள் கருத்து சொல்ல இடம் தர்ற ஆலோசனை அந்தஸ்துன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு விண்ணப்பிக்க அமைப்பு பதிவாகி குறைஞ்சது 2 வருஷம் ஆகியிருக்கணும், கிடைச்சாலும் அது உங்க சான்றிதழுக்கு ஐநா முத்திரை இல்ல. காசு வாங்கிட்டு உலகத் தூதர் பட்டம் குடுக்குறவங்களைப் பார்த்து நாமும் பண்ணலாம்னு எந்த டீமும் நினைக்க வேண்டாம், 16 வயசுப் பிள்ளை அதை நம்பி விண்ணப்பத்துல எழுதும்.

13. எதை எண்ணணும்

ஃபாலோயரை எண்ணாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இதை மட்டும் பாருங்க: ரெண்டாவது தடவை திரும்ப வந்தவங்க எத்தனை பேர், பங்கேற்பாளரா வந்து இப்ப பொறுப்புல இருக்குறவங்க எத்தனை பேர், சொல்லிட்டு விலகுனவங்க எத்தனை, சொல்லாம காணாமப் போனவங்க எத்தனை, ரெண்டாம் படியில எழுதுன அந்தச் செயலை நிஜமாச் செஞ்சவங்க எத்தனை பேர்.

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா நிகழ்ச்சி முடிஞ்ச 30 நாள் கழிச்சு போன் பண்ணிக் கேக்கணும். நிகழ்ச்சி முடிஞ்ச வாசல்ல குடுக்குற படிவத்துல எல்லாரும் சூப்பர்னுதான் எழுதுவாங்க. 40 பேர் வந்திருந்தா 10 பேருக்குப் பண்ணாலே போதும்.

சொல்லாம போனவங்க எண்ணிக்கை ரெண்டு காலாண்டு தொடர்ந்து ஏறுனா புது ஆள் சேர்க்குறதையும் புதுக் கிளையையும் அங்கேயே நிறுத்துங்க. போனவங்கள்ல மூணு பேருக்காவது போன் போட்டு, திரும்ப வாங்கன்னு கேக்காம, எந்த வாரத்துல இருந்து வர மனசு வரலைன்னு மட்டும் கேளுங்க. அவங்க சொல்ற வாரத்தை உங்க காலண்டர்ல தேடிப் பார்த்தா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.